எதை விடலாம், எதை விடக் கூடாது

1985 ஜூலையில் வெளியான 'பேக் டு த ஃபியூச்சர்', அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் வசூலித்த படம். அதன் திரைக்கதை நாற்பது தடவைக்கும் மேல் திருப்பி அனுப்பப்பட்டது என்று அதை எழுதியவர்களில் ஒருவரான பாப் கேல் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் 'விடாமுயற்சி வெல்லும்' என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்ததால் மட்டும் அந்தப் படம் வந்துவிடவில்லை. தங்கள் கதையில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1980இல் தன் அப்பாவின் பள்ளி ஆண்டு மலரைப் புரட்டியபோது கேலுக்கு ஒரு கேள்வி எழுந்தது: அப்பாவோடு ஒரே பள்ளியில் படித்திருந்தால் நாங்கள் நண்பர்களாகியிருப்போமா? அதை அவரும் இயக்குநர் ராபர்ட் செமெக்கிஸும் காலப் பயணத் திரைக்கதையாக்கினார்கள். பணம் கொடுத்து எழுதவைத்த கொலம்பியா நிறுவனமே பிறகு கைவிட்டது. விரசமான இளைஞர் நகைச்சுவைப் படங்கள் ஓடிய காலம் அது. அவற்றோடு ஒப்பிட்டால் இது ரொம்பச் சாது என்றார்கள். டிஸ்னியோ, கடந்த காலத்துக்குப் போன மகன்மீது தாய்க்கே காதல் வருவதா என்று முகம் சுளித்தது. ஒரே கதை ஓரிடத்தில் சாது, இன்னோரிடத்தில் விரசம் என்றால், அந்த மறுப்புகள் பேசியது கதையின் தரத்தை அல்ல. அந்தந்த நிறுவனத்தின் தேவையை.

அதனால்தான் இருவரும் விரசத்தைக் கூட்டவும் இல்லை, தாயின் காதலை நீக்கவும் இல்லை. ஆனால் மற்றவற்றை மாற்றத் தயங்கவில்லை. ஆரம்பப் பிரதியில் கால இயந்திரம் ஒரு ஃபிரிட்ஜ். குழந்தைகள் அதைப் பார்த்து ஃபிரிட்ஜுக்குள் ஏறிவிடக் கூடாதே என்ற கவலையும் சேர்ந்து, அது டெலோரியன் காராயிற்று. அணுகுண்டுச் சோதனைத் திடலில் நடக்கவிருந்த உச்சக்காட்சி செலவுக்குக் கட்டுப்படியாகாததால், மின்னல் தாக்கும் மணிக்கூண்டு பிறந்தது. இன்று அந்தக் காரும் மணிக்கூண்டும் இல்லாமல் படத்தை நினைக்கவே முடியவில்லை.

தோற்றவர்களின் கதை நம் காதுக்கு வருவதில்லையே, வென்ற ஒருவரை வைத்து நம்பிக்கை ஊட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெற்றிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் ஒரே கதையை நம்பி வாழ்க்கையை நிறுத்திவைக்கக் கூடாது. செமெக்கிஸ் காத்துக்கிடக்காமல் வேறொருவர் எழுதிய 'ரொமான்சிங் த ஸ்டோன்' படத்தை இயக்கினார். 1984இல் அது வென்றதும் மூடியிருந்த கதவுகள் திறந்தன. யுனிவர்சல் நிறுவனம் 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தைத் தயாரித்தது. 1970களில் 'அன்ஃபர்கிவன்' எழுதிய டேவிட் பீப்பிள்ஸும் அது படமாகக் காத்திருந்த ஆண்டுகளில் 'பிளேட் ரன்னர்' போன்ற படங்களுக்கு எழுதினார். 1992இல் வெளியான 'அன்ஃபர்கிவன்', சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. திரும்பி வந்த பிரதியைக் கையில் வைத்திருப்பவர் முதலில் அதன் மூலக்கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பார்க்கட்டும். அந்த வரி இன்னும் தன்னைத் தூங்கவிடாமல் செய்தால், மற்றதையெல்லாம் திருத்தலாம். அடுத்த வேலையையும் தொடங்கலாம்.