ஒஸ்லோவின் துணை மேயரான யாழ்ப்பாணப் பெண்

கம்ஷாஜினி குணரத்தினம் 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். போர்க்காலத்தில், மூன்று வயதுக் குழந்தையாக நோர்வே வந்து சேர்ந்தார். முதலில் வடகோடியில் உள்ள ஹம்மர்ஃபெஸ்ட், பிறகு ஒஸ்லோ. தொழிற்கட்சியின் இளைஞர் அணியில் சேர்ந்தவர், 2007இல், 19 வயதிலேயே ஒஸ்லோ நகரசபை உறுப்பினரானார்.

2011 ஜூலை 22 அன்று ஊத்தோயா தீவில் நடந்த இளைஞர் முகாமில் வலதுசாரித் தீவிரவாதி ஒருவன் 69 பேரைக் கொன்றான். அங்கிருந்த கம்ஷாஜினி குளிர்ந்த ஏரியில் குதித்து நீந்தி உயிர் தப்பினார். அதன் பின்னும் அவர் அரசியலை விட்டு விலகவில்லை. மனத்துணிவு என்றால் இதுதான்.

நோர்வேயில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நகரசபை உறுப்பினர்களே தங்களுக்குள் மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒஸ்லோவிலும் அதே முறைதான். 2015 தேர்தலுக்குப் பின் மரியான்னே போர்கன் மேயராகவும், 27 வயது கம்ஷாஜினி துணை மேயராகவும் பொறுப்பேற்றார்கள். ஆறு ஆண்டுகள் அப்பதவியில் இருந்த அவர், 2021இல் ஒஸ்லோவிலிருந்து நோர்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.