சோல் கேம்ப்பெல்: நாலாம் டிவிஷனில் ஒன்பது மாதம்

சோல் கேம்ப்பெல் என்றால் பலருக்கும் 2001 தான் ஞாபகம் வரும். டாட்டனம் கேப்டன், ஒப்பந்தம் முடிந்த கையோடு டிரான்ஸ்ஃபர் தொகை ஒரு பைசா இல்லாமல் பரம வைரியான ஆர்சனலுக்குப் போன கதை. அப்புறம் 2003-04ல் 38 மேட்சிலும் தோற்காத அந்த ஆர்சனலின் தடுப்புச் சுவர். இங்கிலாந்துக்கு 73 ஆட்டம். 2006 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் தலையால் முட்டிய கோல். இதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு சுவாரஸ்யம் 2018 நவம்பர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்துத்தான் அவருக்கு முதல் மேனேஜர் வேலை கிடைத்தது. கறுப்பர் என்பதால்தான் இவ்வளவு தாமதம் என்பது அவர் கட்சி. கிடைத்த வேலையும் எப்படிப்பட்டது! மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன். நாலாம் டிவிஷனான லீக் டூவில் கடைசி இடம், தப்பிக்க வேண்டிய இடத்திலிருந்து ஐந்து பாயிண்ட் பின்னால். கடைசி இரண்டு அணிகள் லீக்கை விட்டே வெளியே. வெளியே போனால் லீக் தரும் பணப் பங்கும் போச்சு.

கடைசி நாள், கேம்பிரிட்ஜுடன் 1-1. தப்பித்துவிட்டார்கள். பதிலாக வெளியேறியது நாட்ஸ் கவுண்டி, 1862ல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய தொழில்முறை கிளப். இங்கேதான் ஒரு வேடிக்கை. 2009ல் அதே நாட்ஸ் கவுண்டி மத்திய கிழக்குப் பணம் கொட்டப் போகிறது என்று சொல்லி கேம்ப்பெல்லுடன் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டது. ஒரே ஒரு மேட்ச் ஆடினார், மோர்கம்பிடம் 2-1 தோல்வி, கிளம்பிவிட்டார். பணமும் வரவில்லை.

மேக்கிள்ஸ்ஃபீல்டிலும் பிரச்னை அதேதான். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. சம்பளம் வராத மாசத்தில் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நிலையில் ஆட்களை ஓட வைப்பது லேசான காரியமில்லை. 'பெரிய பெயர், அதிர்ஷ்டத்தில் தப்பினார்' என்பதை நான் ஏற்க மாட்டேன்.

2019 ஆகஸ்டில் விலகினார். அக்டோபரில் மூன்றாம் டிவிஷன் சவுத்எண்ட். அங்கேயும் வரி பாக்கி வழக்கு. அந்த அணி மோசமாகத்தான் ஆடியது, அதில் அவருக்கும் பங்குண்டு. கொரோனாவால் சீசன் பாதியில் நின்று, சராசரி பாயிண்ட் கணக்கில் அணி கீழே இறங்கியது. 2020 ஜூன் கடைசியில் வெளியே வந்தார்.

அதே செப்டம்பரில் லண்டன் நீதிமன்றம் மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுனை இழுத்து மூட உத்தரவிட்டது. கடன் 5,00,000 பவுண்டுக்கு மேல். கடன்காரர்கள் பட்டியலில் வரித் துறையோடு கேம்ப்பெல்லும் இருந்தார். அவருக்கு வரவேண்டிய பாக்கி சுமார் 1,80,000 பவுண்டு.