நாமக்கல் முட்டையும் டிரிப்ஸ் பாட்டிலும்

சேலம் அரசு மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவமனைக்கோ உறவினரைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? கட்டிலருகே தொங்கும் டிரிப்ஸ் பாட்டிலில் இருப்பது தண்ணீர் போலத்தான் தெரியும். அப்படியானால், காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஏற்றிவிடலாமே?

கூடாது! ஏன் என்று நாமக்கல் முட்டையே காட்டிவிடும். பெரியவர் ஒருவர் துணையோடு இரண்டு முட்டைகளை வினிகரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். சுண்ணாம்பு ஓடு கரைந்து சவ்வு மட்டும் மிஞ்சும். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை ஆறிய கெட்டிச் சர்க்கரைப் பாகிலும் ஒரு நாள் வையுங்கள். தண்ணீரில் கிடந்தது உப்பும். பாகில் கிடந்தது சுருங்கும். கரைபொருள் அதிகமுள்ள பக்கத்துக்குச் சவ்வு வழியே தண்ணீர் ஓடுகிறது. இதுதான் சவ்வூடு பரவல். (சோதனை முட்டையைச் சாப்பிடாதீர்கள்!)

இரத்தச் சிவப்பணுக்களுக்கும் சவ்வு உண்டு. வெறும் தண்ணீரை இரத்தக்குழாயில் ஏற்றினால் அவை உப்பி வெடித்துவிடும். அதனால்தான் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த ‘நார்மல் சலைன்’ வந்தது. அதில் அணுக்கள் உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

ஆனால் உப்பில் உள்ள குளோரைடு இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல், சலைனிலோ 154. ஓரிரு பாட்டில் என்றால் சிறுநீரகம் சமாளித்துவிடும். உயிருக்குப் போராடுபவருக்குப் பாட்டில் பாட்டிலாக ஏறும்போது இரத்தத்தில் அமிலத்தன்மை கூடிவிடுகிறது.

இதற்கு மாற்று ஒரு தவளை இதயத்திலிருந்து பிறந்தது. 1880களில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்தார். குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்பில் அது துடித்தது; காய்ச்சி வடித்த நீரில் கரைத்தபோது நின்றுபோனது. குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியம்தான் இதயத்தைத் துடிக்க வைத்தது! ரிங்கரின் கரைசலில் கால்சியமும் பொட்டாசியமும் சேர்ந்தன. பின்னர் 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்த்தார். கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றி அமிலத்தைத் தணிக்கும். இதுவே ‘ரிங்கர் லாக்டேட்’, சுருக்கமாக ஆர்.எல்.

அப்படியானால் எல்லாருக்கும் ஆர்.எல். ஏற்றலாமா? அதுவும் இல்லை. அது சலைனைவிடச் சற்று நீர்த்தது. தலையில் பலமாக அடிபட்டவருக்கு மூளை வீக்கத்தைக் கூட்டலாம் என்பதால், அங்கே பெரும்பாலும் சலைன்தான். குளுக்கோஸ் கரைசலில் உள்ள சர்க்கரையை உடல் எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது தண்ணீரே. இரத்தச் சர்க்கரை குறைந்தவருக்கு அது உதவும். இரத்த அழுத்தம் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாது. விலை கூடியது என்பதாலும் ஒன்று சிறந்ததாகிவிடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஏறத்தாழ 7000 நோயாளிகளிடம் விலை உயர்ந்த ஆல்புமின் என்ற இரத்தப் புரதக் கரைசலையும் சலைனையும் ஒப்பிட்டு, 2004இல் முடிவு வெளியிட்டார்கள். உயிர் பிழைத்தவர் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எதை ஏற்றுவது என்பதோடு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதும் முக்கியம். 2017இல் சேலம் உள்ளிட்ட பல மாவட்டங்களில் பரவிய டெங்குவைப் பாருங்கள். அது முற்றினால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசியும், இரத்தம் கெட்டியாகும். அப்போது டிரிப்ஸ் உயிர் காக்கும். ஓரிரு நாளில் கசிந்த நீர் தானே இரத்தத்துக்குத் திரும்பும். அதன்பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால்தான் மருத்துவர்கள் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆக, டிரிப்ஸ் ஒரு மருந்து. வயிற்றுப்போக்கு வந்தாலும் குடிக்க முடிகிறவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலே பெரும்பாலும் போதும். டெங்குவிலோ, காய்ச்சல் விட்டதே என்று அசந்துவிடக் கூடாது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.