வெள்ளி உச்சத்துல இருக்கும்போது... வாங்கலாமா?

கொமரலிங்கத்துல இருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறவரா நீங்க? தீபாவளி போனஸை அப்படியே வெள்ளியில போடலாம்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் (31.1 கிராம்) வெள்ளி கிட்டத்தட்ட 50 டாலர். அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்தது முக்கியக் காரணம். மார்ச் 27-ல் 11 டாலருக்கும் கீழே! 2011-லும் 50 டாலரை நெருங்கிச் சரிந்தது. அந்த உச்சத்தைத் தாண்ட 2025 ஆகிவிட்டது. அவ்வளவு நாள் காத்திருப்பீங்களா?

கொலுசு ஆசைக்கு ஓகே. ஆனா, செய்கூலியும் 3% ஜி.எஸ்.டி-யும் விற்கும்போது திரும்ப வராது. லாபம்தான் நோக்கம்னா, டீமேட் கணக்கு மூலமா சில்வர் இ.டி.எஃப் வாங்கலாம். கிராக்கி எகிறும்போது அது என்.ஏ.வி-யைவிடக் கூடுதல் விலைக்குப் போகும், பார்த்து வாங்குங்க. கல்யாணம், காலேஜ் ஃபீஸ்னு ஒதுக்கின பணத்தைத் தொடாம, மீதியில மாசாமாசம் சின்னத் தொகையா போடுங்க.