விண்டோஸ் போட்டதும் சத்தம் வரவில்லையா?



விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. அதனால் பலர் விண்டோஸ் 11 புதிதாகப் போடுகிறார்கள். போன மாதம் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று கண் கலங்கி வந்தது. விண்டோஸ் போட்டபிறகு லெப்டொப்பில் வைஃபையும் இல்லை, சத்தமும் இல்லை. "போர்ட் பழுது, மாத்தணும்" என்று கடையில் சொன்னார்களாம். பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை, டிரைவர்தான் இல்லை.

லொறி இருந்தாலும் ஓட்ட டிரைவர் வேணும்தானே? கணினியின் பாகங்களை வேலை செய்ய வைக்கும் சிறு புரோகிராமுக்கும் அதே பெயர்தான். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டால் பழைய டிரைவரும் போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. ஸ்டார்ட் பட்டனில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, டிவைஸ் மெனேஜரைத் திறவுங்க. மஞ்சள் அடையாளம் உள்ள பாகத்தில்தான் கோளாறு.

2. அண்ட்ரொய்ட் போனை யூ.எஸ்.பி. வயரில் மாட்டி, யூ.எஸ்.பி. டெதரிங் போடுங்க. இன்டர்நெட் வரும். டேட்டா குறையும், கவனம்.

3. விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்க. பல டிரைவர்கள் தானாக வரும்.

4. மிச்சத்தை, கணினியைச் செய்த கம்பெனியின் இணையத்தளத்தில் மொடல் இலக்கம் கொடுத்து எடுங்க. முதலில் சிப்செட், பிறகு மற்றவை. ஒவ்வொன்றும் போட்டபின் ரீஸ்டார்ட் செய்யுங்க.

இதற்கு கம்பெனி காசு கேட்காது. காசு கேட்கும் "டிரைவர் அப்டேட்டர்"களை நம்ப வேண்டாம்.

விண்டோஸ் போட முன்னரே பாடக் குறிப்பு, படங்களைப் பென் டிரைவில் எடுத்து வையுங்க. டிரைவர் திரும்பக் கிடைக்கும். அழிந்த குறிப்பு கிடைக்காது.