பிளாஸ்திரியை எடுக்கும் முறை

பெங்களூரின் தொம்மலூர் போன்ற நகர்ப்புறத்துப் பள்ளியாயினும், சிற்றூர்ப் பள்ளியாயினும், முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி இருப்பது வழக்கம். காயத்தைக் காக்க ஒட்டிய இதுவே, எடுக்கும்போது புதுக் காயம் உண்டாக்குவதும் உண்டு. ‘வெடுக்கென்று இழுத்தால் வலி தெரியாது’ என்னும் எண்ணமே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

தோலின் மேற்பரப்பில் இறந்த உயிரணுக்களாலான மெல்லிய படலம் ஒன்று உண்டு. பிளாஸ்திரியை உரிக்குந்தோறும் அதில் ஒரு பகுதி கழன்று வருகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படலம் மிக மெல்லியது. முதியோருக்கோ மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையேயுள்ள பிணைப்புத் தளர்ந்திருக்கும். ஆகவே இவர்கள் தோல் எளிதில் கிழிந்து, கிருமிகளுக்கு வழிவிடும்.

ஒட்டுமுன் தோலை உலர்த்துக. பிளாஸ்திரியை இழுத்துப் பிடித்து ஒட்டலாகாது. அவ்விழுப்பினால் கொப்புளம் எழக்கூடும்.

எடுக்கும்போது ஒரு முனையை மெல்லக் கிளப்பி, வெளிப்படும் தோலை மறுகை விரலால் அழுத்திக்கொள்க. பிளாஸ்திரியை மேல்நோக்கித் தூக்காமல், தோலையொட்டிப் பின்புறமாக மடித்து, மயிர் வளரும் திசையில் மெதுவாக உரிக்க வேண்டும். பிடிவாதமாக ஒட்டியிருப்பின், ஈரப்பஞ்சினால் விளிம்பை நனைத்துச் சற்றுப் பொறுத்திருத்தல் நலம்.

எடுத்தபின் அரைமணி நேரம் கடந்தும் சிவப்பு மறையாவிடில், தோல் ஊறுபட்டதென்றே கொள்க. அவ்விடத்தில் மீண்டும் ஒட்டாமல், துணிக்கட்டுச் சுற்றுவதே தக்கது.