பிரெஞ்சு கற்க விரும்பும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுதான். மருத்துவமா, பொறியியலா, வணிகவியலா? இம்மூன்றுக்கும் புறம்பாக ஒரு மகள், "பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியும் இலக்கியமும் படிக்க விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டால் வீடு திகைத்துப் போகிறது. "அதைப் படித்து எந்த வேலைக்குப் போவாய்?" என்கிறார் தந்தை. "தமிழே பிழையின்றி எழுத வரவில்லையே!" என்று கவலைப்படுகிறார் தாய். "அந்நாட்டு நூல்களைப் படித்து விசுவாசத்தை இழந்துவிடுவாளோ?" என்று அஞ்சுகிறார் பாட்டி. மூன்றும் நியாயமான கேள்விகளே. அவற்றை நாம் பொறுமையாக எண்ணிப் பார்ப்போம்.

மதிப்பெண் வேறு, கல்வி வேறு

மேல்நிலை வகுப்புகளில் தமிழை விடுத்துப் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளும் மாணவர் பலர். மதிப்பெண் எளிதில் கிட்டும் என்பதே பெரும்பாலும் காரணம். பல்கலைக்கழகப் படிப்போ முற்றிலும் வேறானது. அங்கே ஒலிகளையும் இலக்கணத்தையும் ஐயமறக் கற்க வேண்டும். கி.பி. 842இல் எழுதப்பட்ட ஸ்திராஸ்பூர்க் உறுதிமொழிகள் முதல் இன்றைய புதினங்கள் வரை மொழி வளர்ந்த வரலாற்றை அறிய வேண்டும். இருபது முப்பது வரிகளை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் இந்தச் சொல்லை ஏன் இங்கே வைத்தார் என்று ஆராயும் பயிற்சி அங்கே முதன்மையானது. அரசியல், சமயம், கலை, அன்றாட வாழ்க்கை ஆகியவற்றையும் உடன் கற்க வேண்டும். இத்தனைக்கும் மனமுள்ள பிள்ளைதானா என்பதைப் பெற்றோர் முதலில் கேட்டறிதல் நலம்.

தாயின் கவலை

பிரெஞ்சு படித்தால் தமிழ் போய்விடுமா? முறையாகப் படித்தால் தமிழ் கூர்மை பெறும் என்பதே நம் எண்ணம். ஓர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சில் ஒருவரை விளிக்க இரண்டே சொற்கள் உண்டு: நெருக்கத்திற்கு 'த்யு', மரியாதைக்கு 'வூ'. கர்த்தர் கற்பித்த செபத்தில் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் நெடுங்காலம் இறைத்தந்தையை 'வூ' என்றே விளித்துவந்தனர். 1966இல் ஏற்கப்பட்ட மொழிபெயர்ப்பில் அது 'த்யு' என மாறியது. தமிழிலோ நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள்ளன. நம் செபம் நடுவில் உள்ள 'நீர்' என்பதைத் தேர்ந்துகொண்டது. நெருக்கமும் வணக்கமும் ஒருங்கே அமைந்த அச்சொல்லின் அருமை, வேற்றுமொழிச் செபத்தோடு ஒப்பிடும்போதுதான் நமக்கு விளங்குகிறது.

லூர்து நகரின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1858இல் அன்னையின் காட்சி பெற்ற பெர்னதெத் என்னும் பதினான்கு வயதுச் சிறுமி பிரெஞ்சைச் சரிவர அறியாதவள். தாம் அமல உற்பவம் என்பதை அன்னை அவளுக்கு வெளிப்படுத்தியது பிரெஞ்சில் அன்று. அவ்வட்டாரத்து ஏழைகள் பேசிய கஸ்கோன் மொழியில்தான். பிரான்சுக்குள்ளேயே பல தாய்மொழிகள் வழங்கின என்பதையும், பள்ளியும் அரசும் அவற்றைப் பின்னுக்குத் தள்ளின என்பதையும் பிரெஞ்சு பயிலும் மாணவி கற்றுக்கொள்கிறாள். தன் தாய்மொழியைக் கைவிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. புதுவையில் பணிபுரிந்த முசே, துப்புயி என்னும் இரு பிரெஞ்சுக் குருக்கள் தமிழ்-பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தனர். அதன் இரு பகுதிகள் 1855இலும் 1862இலும் அச்சேறின. பிறமொழியாளர் நம் சொற்களை அவ்வளவு கருத்தாய்த் திரட்டியிருக்க, நம் பிள்ளைகள் அவற்றை மறப்பது அழகா?

பாட்டியின் அச்சம்

திருச்சபையைக் கடுமையாகச் சாடிய வொல்தேரைப் படிக்காமல் பிரெஞ்சு இலக்கியம் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பாடத்திட்டத்தில் கணித மேதையும் ஆழ்ந்த விசுவாசியுமான பஸ்கால் இருக்கிறார். ஓர் எளிய பங்குக்குருவின் உள்ளப் போராட்டத்தை 1936இல் புதினமாக்கிய பெர்னனோஸ் இருக்கிறார். 1952இல் நோபெல் பரிசு பெற்ற மொரியாக் இருக்கிறார்.

விக்தோர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட பெரும் புதினம் ஒருகாலத்தில் திருச்சபையின் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. அப்பட்டியலே 1966இல் வழக்கொழிந்தது. அக்கதையில் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனை மன்னித்து, மெழுகுதிரித் தண்டுகளையும் கொடுத்தனுப்பும் ஆயரை யார் மறக்க முடியும்? சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழைபடும் பாடு' எனத் தமிழாக்க, 1950இல் திரைப்படமாகவும் வந்தது. கேள்விகளுக்கு அஞ்சி ஒளியும் விசுவாசத்தைவிட, அவற்றைக் கேட்டு, சிந்தித்து நிற்கும் விசுவாசமே உறுதியானது. அத்தகைய கேள்விகளோடு பிள்ளை வீடு திரும்பும்போது, கடிந்துகொள்ளாமல் உடன் அமர்ந்து பேசும் பெற்றோர் அவளுக்குத் தேவை.

தந்தையின் கேள்வி

வேலையைப் பற்றி வீண் நம்பிக்கை அளிக்க நாம் விரும்பவில்லை. பட்டம் மட்டுமே வேலை தராது. மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக அளக்கின்றனர். பிரான்சில் பிரெஞ்சு வழியாகப் பட்டப்படிப்புப் பயிலப் பொதுவாக பி2 என்னும் நான்காம் படியேனும் எட்ட வேண்டும். ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, சுற்றுலா, தூதரகங்கள், பன்னாட்டு நிறுவனங்கள் ஆகியவை இத்திறனை நாடுகின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் பிரெஞ்சு ஒன்று. கனடாவிலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் அது வழங்குகிறது. எனினும் பிரெஞ்சோடு ஆங்கிலமும் தமிழும் செவ்வனே அறிந்தவருக்கும், கூடவே கணக்கியல், கணினி போன்ற ஒரு தொழில் கற்றவருக்குமே வாயில்கள் எளிதில் திறக்கும்.

ஆகவே, "வேண்டாம்" என்று உடனே மறுக்காதீர்கள். "உன் விருப்பம்" என்று கைகழுவியும் விடாதீர்கள். படிப்பில் சேரும் மகளுக்கு ஒரு சிறு கடமை கொடுங்கள். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் தம் ஆன்ம வரலாற்றைப் பிரெஞ்சில்தான் எழுதினார். வாரம் ஒருமுறை, இரவுச் செபத்திற்குப் பின் அதில் ஒரு பக்கத்தை அவள் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். பாட்டிக்கு விளங்கினால், அவள் பிரெஞ்சும் கற்கிறாள், தமிழும் கற்கிறாள் என்று நீங்கள் மனநிறைவு கொள்ளலாம்.